அச்சுக் கோடு எங்கே நிற்கிறது? பழைய போத்தல்களுக்கு வயது கணிக்கும் முறை

கேட்கப்பட்டது இதுதான். சிங்கப்பூரின் சிராங்கூன் வட்டாரத்தில் பாட்டி குடியிருந்த வீட்டைக் காலி செய்தபோது மரப்பெட்டி ஒன்றில் ஆறு கண்ணாடிப் பொருள்கள் கிடைத்திருக்கின்றன: ஒரு கோலி சோடா போத்தல், அடி உருண்டையாக இருப்பதால் நிற்கவே நிற்காத ஒரு போத்தல், கறுப்பாகத் தெரியும் சதுரப் போத்தல், ‘டாய் நிப்பான்’ என்று புடைப்பெழுத்து உள்ள பீர் போத்தல், கருநீல மருந்துப் போத்தல், இளஞ்சிவப்புக் கிண்ணம். இவை எந்தக் காலத்தவை, கழுவலாமா, காரைக்குடியில் வாங்கியதாகச் சொல்லப்படும் அந்தக் கோலி போத்தல் அசல்தானா?

கழுவுவதை முதலில் நிறுத்தி வையுங்கள். போத்தலின் தோளில் ஒட்டியிருக்கும் பழுப்பு நிறப் பிசுக்கு, லேபிளின் கடைசித் துணுக்காக இருக்கலாம். நனைந்தால் ஐந்து நிமிடத்தில் கரைந்து போகும். மருந்துப் போத்தலுக்குள் ஏதாவது மிச்சம் இருந்தால் முகர்ந்து பார்க்கவும் வேண்டாம், சிங்க்கில் ஊற்றவும் வேண்டாம். அந்தக் காலத்து மருந்துகளில் பாதரசமும் ஆர்சனிக்கும் சாதாரணம். எல்லாவற்றையும் ஒரு துண்டின்மேல் பரப்பி, உலர்ந்த மென்மையான தூரிகையால் தூசியை மட்டும் தட்டுங்கள். தேவைப்படும் கருவிகள் மிகக் குறைவு: 10 மடங்கு பெரிதாக்கும் லூப், கைப்பேசி டார்ச், சமையலறை டிஜிட்டல் தராசு, புற ஊதா டார்ச்.

போத்தலை எடுத்ததும் எல்லாரும் எழுத்தைத்தான் படிக்கிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. அது எப்படிச் செய்யப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும். எழுத்து கடைசியில் வரட்டும். இன்னொன்று, ஒரு போத்தலுக்கு ஒற்றை ஆண்டு கிடைப்பது அபூர்வம். ஒவ்வொரு அடையாளமும் ‘இதற்கு முன் இருக்க முடியாது’ என்றோ, ‘இதற்குப் பின் இருக்க வாய்ப்பில்லை’ என்றோ ஓர் எல்லையைத் தருகிறது. நான்கைந்து எல்லைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் நடுவில் மிஞ்சும் காலம்தான் விடை. அது பத்து ஆண்டாக இருந்தால் அதிர்ஷ்டம். நாற்பது ஆண்டாக இருந்தாலும் அதுவே நேர்மையான விடை.

பார்க்க வேண்டிய முதல் இடம் அச்சுக் கோடு. இரண்டு பாதி இரும்பு அச்சுக்குள் கண்ணாடியை ஊதும்போது, அந்தப் பாதிகள் சேரும் இடத்தில் மெல்லிய வரி ஒன்று போத்தலின் இரு பக்கத்திலும் விழும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, அடியிலிருந்து அந்த வரியை நகத்தால் தடவியபடியே மேலே போங்கள். அது எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி.

வரி கழுத்தில் ஏறி, வாய்க்குச் சற்றுக் கீழே மங்கி மறைந்தால், போத்தல் வாயால் ஊதப்பட்டது. ஊதுகுழலிலிருந்து வெட்டி எடுத்த பிறகு தொழிலாளி வாய்ப்பகுதியை மறுபடி சூடாக்கி, உதட்டுக் கருவியை உள்ளே விட்டுச் சுழற்றி வடிவம் கொடுப்பார். அந்தச் சுழற்சி கோட்டைத் துடைத்துவிடும். அதற்குப் பதிலாகக் கழுத்தைச் சுற்றி வளையம் வளையமாக நுண்ணிய வரிகள் இருக்கும். லூப்பில் அது தெளிவாகத் தெரியும். இதைவிடப் பழைய முறையில், கழுத்தின் நுனியில் தனியாக உருகிய கண்ணாடியைச் சுற்றி ஒட்டி உதடு செய்தார்கள். அப்படிப்பட்ட போத்தலில் கோடு மங்காது. ஒட்டிய உதட்டின் அடியில் சட்டென்று வெட்டினாற்போல் நிற்கும். உதட்டுக் கண்ணாடி மெழுகு வழிந்ததுபோல் கழுத்தின்மேல் இறங்கியிருப்பதும் உண்டு.

வரி உதட்டின்மேல் ஏறி உச்சிவரை போனால் இயந்திரப் போத்தல். உதட்டுக்கு அடியில் கழுத்தைச் சுற்றி ஒரு கிடைக்கோடும் சேர்ந்து இருக்கும். அமெரிக்காவின் மைக்கேல் ஓவன்ஸ் முழுத் தானியங்கிப் போத்தல் இயந்திரத்தை 1903-ல் ஓட்டிக் காட்டினார். அதற்கு முன்பே இங்கிலாந்தில் அரைத் தானியங்கி இயந்திரங்கள் இருந்தன, ஆனால் உலகம் முழுக்க இயந்திரம் கையை வென்றது 1910-க்கும் 1930-க்கும் இடையில்தான். எனவே உச்சிவரை கோடு ஓடும் பீர் போத்தலையோ சோடா போத்தலையோ ‘விக்டோரியா காலத்தது’ என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இணையத்தில் கிடைக்கும் வயது அட்டவணைகளில் பெரும்பாலானவை அமெரிக்கப் போத்தல்களை வைத்து எழுதியவை. ‘ஒட்டிய உதடு என்றால் 1885-க்கு முன்’ என்று அதில் இருக்கும். சிங்கப்பூருக்கு வந்த போத்தல்களில் பெரும்பகுதி இங்கிலாந்து, ஹாலந்து, ஜெர்மனி, ஜப்பான் நாட்டுச் சரக்கு. இங்கிலாந்துத் தொழிற்சாலைகள் உதடு ஒட்டும் முறையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை விடவில்லை. ஆசியாவில் கையால் ஊதுவது இன்னும் பின்னாலும் நடந்தது. ஆகவே அமெரிக்க அட்டவணை சொல்லும் கடைசி ஆண்டோடு 15, 20 ஆண்டுகளைக் கூட்டிக்கொள்ளுங்கள். நம்மூரில் தவறாக வயது சொல்லப்படும் போத்தல்களில் பாதி, இந்த ஒரு விஷயத்தைக் கவனிக்காததால் வருபவை.

கோடே இல்லாவிட்டால்? உடனே ‘அச்சில்லாமல் ஊதியது, மிகப் பழசு’ என்று முடிவு கட்ட வேண்டாம். ஒயின் போத்தல்களை அச்சுக்குள் வைத்துச் சுழற்றிக் கோட்டை அழித்துவிடுவார்கள். 1870-களிலிருந்து 1920-கள்வரை இது பரவலாக இருந்தது. உடம்பைச் சுற்றிக் கிடையாக மயிரிழை போன்ற கீறல்கள் தெரிந்தால் இந்த வகை. புடைப்பெழுத்தும் இந்த வகையில் இருக்காது, சுழற்றினால் அழிந்துவிடும் அல்லவா? தோளில் ஒரு கிடைக்கோடு, அதிலிருந்து மேலே இரண்டு நெடுக்குக் கோடுகள், கீழே உடம்பில் கோடே இல்லை என்றால் அது மூன்று துண்டு அச்சு. பிரிஸ்டலின் ஹென்றி ரிக்கெட்ஸ் 1821-ல் காப்புரிமை வாங்கியது.

அடுத்தது அடி. பழைய போத்தலின் வாயைச் செய்து முடிக்கும்வரை அடியில் ஓர் இரும்புக் கம்பியை ஒட்டிப் பிடித்திருப்பார்கள். உடைத்து எடுத்த பிறகு அங்கே ஒரு தழும்பு மிஞ்சும். இதற்குப் பொன்டில் தழும்பு என்று பெயர். வளையமாக, கூர்மையாக, விரலைக் குத்தும். சாதாரணப் போத்தல்களில் 1860-களுக்குப் பிறகு இது அரிது, ஏனென்றால் பிடித்துக்கொள்ளும் இடுக்கிக் கருவி வந்துவிட்டது. ஆனால் குவளை, ஜாடி, பூச்சாடி போன்ற கைவேலைக் கண்ணாடியில் இந்தக் கம்பி இன்றைக்கும் பயன்படுகிறது. போத்தலில் தழும்பு காலத்தைச் சொல்லும். பூச்சாடியில் சொல்லாது. இந்த வித்தியாசம் தெரியாமல் சென்ற ஆண்டு செய்த பூச்சாடிக்குப் பழம்பொருள் விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

இயந்திரப் போத்தலின் அடியில் வேறு தழும்புகள் இருக்கும். நடுவில் சேராமல் ஓரமாக, சற்று ஒழுங்கற்ற பெரிய வட்டம் இருந்தால் அது ஓவன்ஸ் இயந்திரம் கண்ணாடியை உறிஞ்சி வெட்டிய இடம். அடி விளிம்பைச் சுற்றி நெருக்கமான சிறு புள்ளிகளோ பிறைக் கீறல்களோ அச்சிலேயே வார்க்கப்பட்டிருந்தால், பெரும்பாலும் 1940-க்குப் பிறகு. சூடான போத்தல் நகரும் பட்டையில் படும் பரப்பைக் குறைப்பதற்காக வந்த ஏற்பாடு அது. அடியில் தனியாக நிற்கும் 3, 7, 19 போன்ற எண்கள் அச்சு எண்கள். ‘19’ என்றால் 1919 அல்ல. இதை நம்பி ஏமாந்தவர்கள் மிகப் பலர்.

நிறத்தையும் குமிழிகளையும் துணைச் சாட்சிகளாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மணலில் இயல்பாக உள்ள இரும்பு கண்ணாடிக்கு வெளிர் பச்சை, வெளிர் நீலம் தரும். அதைப் போக்க மாங்கனீசு டைஆக்சைடு சேர்த்தார்கள். அப்படிச் செய்த நிறமற்ற கண்ணாடி ஆண்டுக்கணக்கில் வெயில் பட்டால் இளம் ஊதாவாக மாறும். இது பெரும்பாலும் 1880-க்கும் 1920-க்கும் இடைப்பட்ட கண்ணாடி. ஆனால் கத்தரிப்பூ நிறத்தில் அடர்த்தியாக இருந்தால் சந்தேகப்படுங்கள். கதிர்வீச்சு கொடுத்துச் செயற்கையாக ஊதாவாக்கி விற்கிறார்கள், ஒருமுறை அப்படி மாறியதன் இயல்பு நிறத்தை எளிதில் மீட்க முடியாது. குமிழிகள் பழமைக்கு அடையாளம் என்பதும் பாதி உண்மைதான். உலை சூடு போதாத எந்தக் காலத்துக் கண்ணாடியிலும் குமிழி உண்டு. இன்றைய அலங்காரப் பொருள்களில் வேண்டுமென்றே விடுகிறார்கள்.

மூடும் முறைதான் எனக்கு எல்லாவற்றிலும் நம்பகமான சாட்சி, ஏனென்றால் அதற்குக் காப்புரிமை ஆண்டு உண்டு. வரிசையாகச் சொன்னால்: அடி உருண்ட அல்லது முட்டை வடிவப் போத்தல் வில்லியம் ஹாமில்டனின் 1809 காப்புரிமையோடு சேர்ந்தது. படுக்க வைத்தே ஆக வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். படுத்திருந்தால் தக்கை எப்போதும் ஈரமாக இருக்கும், காய்ந்து சுருங்காது, வாயு வெளியேறாது. உங்கள் இரண்டாவது போத்தல் இந்த வகை. ஆனால் 1809 தொடக்க எல்லைதான். இந்த வடிவம் இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகள்வரை உற்பத்தியில் இருந்தது. அதன் வாய் சோடா மூடி போடுவதற்கான மெல்லிய வளைய உதடாக இருந்தால் வகையின் கடைசிக் காலம். தடித்த உருண்டை உதடு என்றால் முந்தியது.

அடுத்து ஹைரம் காட் 1870-களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற கோலி போத்தல். பிறகு 1875-ல் கம்பி வளையத்தோடு சேர்ந்த மூடி, 1879-ல் ஹென்றி பாரெட்டின் உள்திருகு மூடி. 1892-ல் பால்டிமோரின் வில்லியம் பெயின்டர் நாம் சோடா மூடி என்று சொல்லும் நெளிவு விளிம்புத் தகர மூடிக்குக் காப்புரிமை வாங்கினார். சோடா மூடி வாய் உள்ள எந்தப் போத்தலும் 1892-க்கு முன் இருக்கவே முடியாது. நம் பக்கத்துக்கு அது பரவலாக வந்தது அதற்கும் பிறகு.

கோலி போத்தலைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் தமிழர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். வாயின் உட்பக்கத்தில் ரப்பர் வளையம் உட்காரும் பள்ளம், கழுத்தில் கோலி விழாமல் தடுக்கும் இடுக்கு, ஊற்றும்போது கோலியைப் பிடித்துக்கொள்ளும் குழிகள் ஆகியவை பெரும்பாலான கோலி போத்தல்களில் உண்டு. போத்தலைத் தலைகீழாகப் பிடித்து வாயு ஏற்றினால் உள்ளழுத்தம் கோலியை ரப்பர் வளையத்தோடு சேர்த்து அழுத்தும், அதுவே மூடி. சிக்கல் என்னவென்றால், இங்கிலாந்து எப்போதோ கைவிட்ட இந்தப் போத்தலை இந்தியா விடவே இல்லை. தமிழ்நாட்டில் இன்றைக்கும் கோலி சோடா ஓடுகிறது. ஜப்பானின் ராமுனே சோடா போத்தலும் இதே குடும்பம்தான், இப்போது வாய் பிளாஸ்டிக்.

எனவே ‘கோலி போத்தல், ஆகவே நூறு வயது’ என்ற கணக்கு செல்லாது. தேய்மானத்தைப் பார்த்தும் சொல்ல முடியாது. சோடா கம்பெனியில் தினமும் இரும்புச் சட்டத்தில் சுழன்ற இருபது வயதுப் போத்தலின் தோள், அலமாரியில் தூங்கிய நூறு வயதுப் போத்தலைவிட மோசமாகத் தேய்ந்திருக்கும். முழு உடம்பும் பளிச்சென்ற கோபால்ட் நீலத்தில் இருந்தால் பெரும்பாலும் அலங்காரத்துக்கான புது உற்பத்தி. ‘காட்ஸ் பேட்டன்ட்’ என்று எழுதியிருந்தால் போதாது, அதையும் அச்சில் வெட்டலாம். புடைப்பெழுத்தின் ஓரங்கள் கூர்மையாக, எழுத்துரு இன்றைய கணினி எழுத்து மாதிரி இருந்தால் விலகிவிடுங்கள். அசல் பழையதில் உதட்டின் உள்ளும் வெளியும் கருவி சுழன்ற வரிகள் இருக்கும், அச்சுக் கோடு உதட்டை எட்டாது. இங்கிலாந்துத் தயாரிப்பாளர் பெயரோ ஊர்ப் பெயரோ அடியோரத்தில் பொறித்திருக்கும். கடைக்காரர் ‘காரைக்குடி செட்டியார் வீட்டுப் பொருள்’ என்று சொன்னது சாட்சி ஆகாது. முழுசாகப் பழைய கோலி போத்தல் குறைவாகவே கிடைப்பதற்கு ஒரு காரணம், சிறுவர்கள் கோலிக்காகக் கழுத்தை உடைத்துவிட்டார்கள். இது இங்கிலாந்திலும் நடந்தது, இங்கேயும் நடந்தது.

இப்போது எழுத்துக்கு வரலாம். போத்தலில் ஓர் ஆண்டு பொறித்திருந்தால் அது அநேகமாகக் காப்புரிமை அல்லது வணிக முத்திரைப் பதிவு ஆண்டு, போத்தல் செய்த ஆண்டு அல்ல. 1923 டிசம்பர் 25 என்று பொறித்த கோக்க கோலா போத்தல்கள் 1930-களின் பிற்பகுதிவரை வந்தன. ஆண்டைவிட நிறுவனப் பெயர் அதிகம் உதவும். ஜான் ஃபிரேசரும் டேவிட் சால்மர்ஸ் நீவும் 1883-ல் தொடங்கியது ‘சிங்கப்பூர் அண்ட் ஸ்ட்ரெய்ட்ஸ் ஏரேட்டட் வாட்டர்’ கம்பெனி. ‘ஃபிரேசர் அண்ட் நீவ் லிமிடெட்’ ஆனது 1898-ல். ஆகவே ‘லிமிடெட்’ இருந்தால் 1898-க்கு முன் இல்லை. டைகர் பீர் வந்தது 1932. சிராங்கூன் ரோட்டில் காலாங் ஆற்றோரம் இன்றும் நிற்கும் நேஷனல் ஏரேட்டட் வாட்டர் தொழிற்சாலைக் கட்டடம் 1954-ல் எழுந்தது. சினால்கோ, கிக்கப்பூ போன்ற பானங்களோடு அந்தப் பெயரை நினைவு வைத்திருப்பவர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். புடைப்பெழுத்துக்குப் பதிலாகச் சுட்டு ஏற்றிய வண்ண எழுத்து இருந்தால் 1930-களுக்குப் பிறகு. இங்குள்ள போத்தல்களில் பெரும்பாலும் போருக்குப் பிறகு என்பது என் கணிப்பு.

காகித லேபிள் மிச்சமிருந்தால் அதுதான் பொக்கிஷம். சிங்கப்பூரும் சேர்ந்திருந்த பிரிட்டிஷ் காலனியின் பெயரான ‘ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ்’ என்ற முகவரி 1946-ல் முடிகிறது. ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது’ என்றால் 1952 வரைக்குள். அளவு ஃபுளூயிட் அவுன்சில் மட்டும் இருந்தால் 1970-களின் மெட்ரிக் மாற்றத்துக்கு முன் என்று எடுத்துக்கொள்ளலாம். அஞ்சல் குறியீட்டை எண்ணிப் பாருங்கள்: ‘சிங்கப்பூர் 8’ என்பது போல ஒன்றிரண்டு இலக்க வட்டார எண் என்றால் 1950-லிருந்து 1979 வரை. நான்கு இலக்கம் 1979-லிருந்து 1995 வரை. ஆறு இலக்கம் அதற்குப் பிறகு. தொலைபேசி எண் 6-ல் தொடங்கி எட்டு இலக்கமாக இருந்தால் 2002 மார்ச்சுக்குப் பிந்தியது. கோடாரி தைலம், புலித் தைலம் போன்ற ஆண்டுக்கணக்கில் வடிவம் மாறாத சின்னச் சீசாக்களுக்கு லேபிளும் மூடியும் இல்லாமல் வயது சொல்லவே முடியாது என்பேன்.

ஆனால் லேபிளும் போத்தலும் ஒரே வயது என்று நினைக்காதீர்கள். போத்தல் கப்பலில் வந்த காலத்தில் காலிப் போத்தலே காசு. காராங் குனி (வீடு வீடாகப் பழைய பொருள் வாங்குபவர்) வாங்கிப் போய், கழுவி விற்று, அதே பீர் போத்தல் சோயா சாஸுக்கும் தேங்காயெண்ணெய்க்கும் மண்ணெண்ணெய்க்கும் திரும்பத் திரும்ப ஓடும். 1920-களில் ஊதிய போத்தலில் 1950-களின் லேபிள் இருப்பது வியப்பல்ல. கண்ணாடியின் வயதைத் தனியாகவும், கடைசியாகப் பயன்பட்ட காலத்தைத் தனியாகவும் எழுதி வையுங்கள்.

இதை வைத்து உங்கள் டாய் நிப்பான் போத்தலைப் பார்க்கலாம். டாய் நிப்பான் பீர் நிறுவனம் மூன்று கம்பெனிகள் சேர்ந்து 1906-ல் உருவானது, 1949-ல் பிரிக்கப்பட்டது. இதுவே வெளி எல்லை. அச்சுக் கோடு கழுத்தில் மறைந்தால் அந்த வரம்பின் முற்பாதி, உச்சிவரை ஓடினால் பிற்பாதி. தென்கிழக்காசியாவில் இவை ஏராளமாகக் கிடைக்கின்றன, போருக்கு முன்பும் ஜப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரையிலும் இங்கே ஜப்பான் பீர் தாராளமாகப் புழங்கியது. ‘ஜப்பானிய ராணுவப் போத்தல்’ என்று சொல்லி விலை ஏற்றுவார்கள். போத்தலில் அப்படி ஒன்றும் எழுதியிருக்காது, அது கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கிய பீர்.

கறுப்புச் சதுரப் போத்தலின் பின்னால் டார்ச்சைப் பிடியுங்கள். கறுப்பு மறைந்து கரும்பச்சையோ தேன் நிறமோ தெரியும். கீழே ஒடுங்கி மேலே அகன்றிருந்தால் ஹாலந்து ஜின் போத்தல். பெட்டிக்குள் நெருக்கமாக அடுக்குவதற்காகச் சதுரம், அச்சிலிருந்து உருவுவதற்காக ஒடுக்கம். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க இந்த வடிவம் உண்டு. உங்களுடையது எந்தக் கட்டம் என்பதை அடித் தழும்பும் உதடும்தான் சொல்லும்.

கருநீலப் போத்தலில் உடம்பில் நெடுக்கு வரிகளும் ‘உட்கொள்ளக் கூடாது’ என்ற பொருளில் ஆங்கில எழுத்தும் இருந்தால் அது நஞ்சுப் போத்தல். விளக்கில்லாத இருட்டிலும் விரல் பட்டதும் தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்த வரிகள். அதில் மீண்டும் எதையும் ஊற்றி வைக்காதீர்கள். இதோடு சேர்த்து ஒன்று: விரல் நீளத்தில் ஒடுக்கமான சின்னச் சீன போத்தல்களை ‘அபின் போத்தல்’ என்று விற்பார்கள். அவை பெரும்பாலும் சீன மருந்துத் தூளோ மாத்திரையோ வைத்தவை.

கிண்ணத்துக்கு வேறு கணக்கு. பூவேலையின் ஓரங்களை விரலால் தடவுங்கள். சக்கரத்தில் வெட்டியது என்றால் விளிம்பு கூராக, பள்ளத்தில் நுண்ணிய உராய்வு வரி இருக்கும். அச்சில் அழுத்தியது என்றால் விளிம்பு மழுங்கி, எங்காவது அச்சுக் கோடு ஒளிந்திருக்கும், பெரும்பாலும் வடிவத்தின் மூலையிலேயே. அழுத்தும் முறை 1820-களில் அமெரிக்காவில் வேரூன்றியது. இங்கிலாந்துப் பொருளில் வைர வடிவப் பதிவு முத்திரை இருந்தால் 1842-க்கும் 1883-க்கும் இடைப்பட்டது, உச்சியில் ரோமன் எண் 3 கண்ணாடிக்கு உரியது. ஆண்டைக் குறிக்கும் எழுத்து 1867 வரை மேல் மூலையிலும், 1868-லிருந்து வலது மூலையிலும் இருக்கும். 1884-லிருந்து ‘ஆர்டி’ (Rd) என்ற சுருக்கத்தோடு வெறும் எண்: 1885 தொடக்கத்தில் 19754, 1890-ல் 141273, 1900-ல் 351202. உங்கள் எண் எந்த இரண்டுக்கு நடுவில் விழுகிறது என்று பாருங்கள். அதுவும் வடிவமைப்பைப் பதிந்த ஆண்டுதான். நல்ல அச்சு பதிவுக்குப் பிறகும் பல ஆண்டு வேலை செய்யும். மயில் தலை முத்திரை இருந்தால் இங்கிலாந்தின் சவர்பி கண்ணாடிக் கம்பெனி, 1876-க்குப் பின்.

ஈயக் கண்ணாடியா, சாதாரணச் சோடா சுண்ணாம்புக் கண்ணாடியா என்பதைத் தட்டி ஒலி கேட்டு முடிவு செய்யாதீர்கள். எடை போடுங்கள். உலர்ந்த எடையை கிராமில் குறித்துக்கொள்ளுங்கள். தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். கிண்ணத்தை நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு இப்போது காட்டும் எண்தான் அதன் கன அளவு. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் அடர்த்தி. 310 கிராம் கிண்ணத்துக்குத் தராசு 124 காட்டினால் 2.5, அது சாதாரணக் கண்ணாடி. 103 காட்டினால் 3.0, ஈயக் கண்ணாடி. 2.2 பக்கம் வந்தால் அடுப்பில் வைக்கும் போரோசிலிகேட், இருபதாம் நூற்றாண்டுப் பொருள். உள்ளே ஒரு காற்றுக்குமிழி சிக்கினாலும் கணக்கு கெடும், சாய்த்து இறக்குங்கள். கழுத்து ஒடுங்கிய போத்தலுக்கு இந்த முறை சரிப்படாது. ஈயக் கண்ணாடி டிகாண்டரில் (மது ஊற்றி வைக்கும் மூடியுள்ள குடுவையில்) மதுவையோ பழச்சாற்றையோ நாள்கணக்கில் வைக்கக் கூடாது, ஈயம் கரையும்.

இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்தால் யுரேனியம் சேர்த்த கண்ணாடி பளீரென்று பச்சையாக ஒளிரும். மாங்கனீசும் மங்கலாகப் பச்சை காட்டும், அதனால் குழப்பம். 395 நானோமீட்டர் டார்ச்சிலும் பலமாக ஒளிர்ந்தால் யுரேனியம், 365-ல் மட்டும் மெல்ல ஒளிர்ந்தால் மாங்கனீசு. யுரேனியக் கண்ணாடி இன்றும் செய்யப்படுகிறது, ஆகவே ஒளிர்வது மட்டும் வயதுக்குச் சான்றல்ல. காட்சிக்கு வைப்பதில் கவலை இல்லை, தினமும் சாப்பிடப் பயன்படுத்த வேண்டாம்.

இதெல்லாம் குறித்து, படம் எடுத்த பிறகு கழுவலாம். அறை வெப்பத் தண்ணீர், சில சொட்டு பாத்திரச் சோப்பு, நைலான் தூரிகை, ஒன்றிரண்டு நாள் ஊறல். சிங்க்கின் அடியில் துண்டு விரியுங்கள். வெந்நீரைச் சட்டென்று ஊற்றினால் உள்ளே இருந்த சிறு விரிசல் ஓடிவிடும், பாத்திரம் கழுவும் இயந்திரம் நிரந்தரமாக மங்கலாக்கிவிடும். வெள்ளைச் சுண்ணாம்புப் படிவுக்கு 5 சதவீத சிட்ரிக் அமிலக் கரைசலை ஊற்றி ஓர் இரவு விடுங்கள், வண்ண எழுத்துள்ள போத்தலுக்கு அதையும் செய்ய வேண்டாம். இரும்பு நார், மணல் குலுக்கல் எல்லாம் கீறும். கழுவியும் போகாத பால் போன்ற மங்கல் அழுக்கல்ல, மண்ணின் ஈரம் கண்ணாடியிலிருந்து சோடியத்தை இழுத்ததால் மேல்தோலே அரித்த நிலை. எண்ணெய் தடவினால் மறைந்ததுபோல் தெரியும். சில விற்பனையாளர்கள் அதைத்தான் செய்கிறார்கள், எனவே வாங்கும்போது வழுவழுப்பாக இருந்தால் துடைத்துப் பாருங்கள். இப்படி அரித்த கண்ணாடியில் தெரியும் மயில் கழுத்து வண்ணம் உடம்பெங்கும் ஒரே சீராகப் படர்ந்து, நகத்தால் சுரண்டினால் வந்தால் அது பூசியது.

நம்மூர்க் காற்றின் ஈரம் இன்னொரு எதிரி. டிகாண்டரை உள்ளே ஈரத்தோடு மூடி வைத்தால் மூடி இறுகும், கண்ணாடியும் மங்கும். மூடியைத் தனியாக வையுங்கள். மூடியிலும் கழுத்திலும் ஒரே எண் கீறியிருந்தால் இரண்டும் பிறவி ஜோடி. எண் வேறு என்றால் எங்கிருந்தோ சேர்த்தது. பழைய செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடைக்காதீர்கள். தொட்டால் சோப்பு போல வழுக்கி, துடைத்தாலும் சில நாளில் மறுபடி ஈரம் கசியும் கண்ணாடி நோய்ப்பட்டது. வடிநீரில் அலசி, நன்கு உலர்த்தி, காற்றோட்டமான இடத்தில் மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள்.

நிறுவனப் பெயர் கிடைத்துவிட்டால், தேசிய நூலக வாரியத்தின் பழைய செய்தித்தாள் தளமான நியூஸ்பேப்பர்எஸ்ஜி-யில் தேடுங்கள். விளம்பரம் முதலில் தென்படும் ஆண்டு, முகவரி மாறிய ஆண்டு, கடைசியாகத் தென்படும் ஆண்டு மூன்றும் உங்கள் எல்லைகளை இறுக்கும். பெட்டியைப் பார்த்த ஆசையில் மண்வெட்டியோடு கிளம்ப வேண்டாம். அரசு நிலத்தில் அனுமதியின்றித் தோண்டக் கூடாது. பழைய குண்டு போல ஏதாவது தென்பட்டால் தொடாமல் விலகி 999-ஐ அழையுங்கள். சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையும் 2017 ஜூலையில் மூடிவிட்டது, பொருளைக் கையில் எடுத்துப் பார்த்துக் கற்றுக்கொள்ள இருந்த நல்ல இடம் அது.

வேறு யாரிடமாவது கருத்துக் கேட்பதானால் ஒவ்வொன்றுக்கும் நான்கு படம் எடுங்கள்: முழு உருவம் அளவுகோலோடு, பக்கவாட்டு வெளிச்சத்தில் உதடும் கழுத்தும், அடிப்பாகம் நேராக, எழுத்து உள்ள இடம். ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும். நிறமற்ற கண்ணாடியில் எழுத்து பிடிபடாவிட்டால், உள்ளே கறுப்புக் காகிதத்தைச் சுருட்டி விட்டு எடுங்கள். உங்கள் கோலி போத்தலைப் பொறுத்தவரை, உதட்டின் அண்மைப் படம் ஒன்று கிடைத்தால் பாதிக் கேள்வி தீர்ந்துவிடும்.